டெக்சாஸில் லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆன மாணவருக்கு: ஆக்குபேஷனல் லைசென்ஸும் எஸ்.ஆர்.22 இன்ஷூரன்ஸும்

அமெரிக்காவில் கார் இன்ஷூரன்ஸ் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் இருக்கும் நண்பர் சொன்ன வழி டெக்சாஸில் செல்லாது. அதனால் இங்கே டெக்சாஸை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். டாலஸ், ஆர்லிங்டன், ஹூஸ்டன், காலேஜ் ஸ்டேஷன் பல்கலைக்கழகங்களில் தமிழ் மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆர்லிங்டன் போன்ற ஊரில் வழித்தடப் பேருந்தே கிடையாது. கார் ஓட்ட முடியாவிட்டால் வகுப்பும் போகும், காய்கறி வாங்கும் வழியும் போகும்.

லைசென்ஸ் சஸ்பென்ஷனில் இருக்கும்போதே சட்டப்படி ஓட்ட ஒரு வழி உண்டு. அதன் பெயர் ஆக்குபேஷனல் லைசென்ஸ். 15 வயதுப் பிள்ளைகளுக்குக் குடும்பக் கஷ்டத்துக்காகக் கொடுக்கும் லைசென்ஸோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இதை லைசென்ஸ் கொடுக்கும் மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையான டி.பி.எஸ். கவுன்டரில் நேரே போய் வாங்க முடியாது. முதலில் கோர்ட் ஆணை வேண்டும். கோர்ட்டுக்கும் டி.பி.எஸ்.ஸுக்கும் காட்ட எஸ்.ஆர்.22 என்ற இன்ஷூரன்ஸ் சான்று வேண்டும். எஸ்.ஆர்.22 கிடைக்க வேண்டுமானால் பாலிசி எடுத்திருக்க வேண்டும். ஆகவே வேலை பாலிசியிலிருந்து தொடங்குகிறது. பலரும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதும் அதைத்தான்.

எஸ்.ஆர்.22 என்றால் என்ன

அது தனி இன்ஷூரன்ஸ் இல்லை. "இவருக்கு மாநிலம் கேட்கும் அளவுக்கு லயபிலிட்டி (பிறருக்கு ஏற்படுத்தும் நஷ்டத்துக்கான) பாலிசி இருக்கிறது, அது நின்றால் உடனே சொல்கிறோம்" என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி டி.பி.எஸ்.ஸுக்கு அனுப்பும் சான்று. அந்த வாக்கியத்தின் இரண்டாவது பாதிதான் முக்கியம். பாலிசி எந்தக் காரணத்துக்காக நின்றாலும் கம்பெனி எஸ்.ஆர்.26 என்ற இன்னொரு படிவத்தை அனுப்பும். அது டி.பி.எஸ்.ஸுக்குப் போனதும் மறுபடி சஸ்பென்ஷன், ஆக்குபேஷனல் லைசென்ஸும் அதோடு போகும்.

சான்று அனுப்பக் கம்பெனிகள் பொதுவாக 15 முதல் 50 டாலருக்குள் ஒருமுறைக் கட்டணம் வாங்கும். பணம் உண்மையில் கரைவது பிரீமியத்தில். சஸ்பென்ஷனுக்குக் காரணமான குற்றம் ரெக்கார்டில் இருப்பதால் பெரிய கம்பெனிகள் சில உங்களை எடுக்கவே மாட்டா. எடுப்பவை விலையைக் கூட்டும்.

டெக்சாஸின் குறைந்தபட்ச லயபிலிட்டி 30/60/25. அதாவது காயம்பட்ட ஒருவருக்கு 30,000 டாலர், ஒரு விபத்தில் காயம்பட்ட எல்லோருக்கும் சேர்த்து 60,000, பிறர் பொருளுக்கு 25,000. எஸ்.ஆர்.22 கேட்பது இந்த அளவைத்தான். ஆனால் டெக்சாஸ் சாலையில் ஓடும் பிக்கப்புகளைப் பார்த்தால் 25,000 எவ்வளவு சொற்பம் என்பது புரியும். ஒரு புது பிக்கப்பை நொறுக்கினால் மிச்சப் பணம் உங்கள் தலையில். 50/100/50 என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். பல நேரம் வித்தியாசம் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஏன் சஸ்பெண்ட் ஆனது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன கட்டணம் பாக்கி என்பதை டி.பி.எஸ்.ஸின் லைசென்ஸ் எலிஜிபிலிட்டி பக்கத்தில் பாருங்கள். லைசென்ஸ் எண், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் கேட்கும். வேலை எதுவும் செய்யாத எஃப்-1 (மாணவர் விசா) மாணவரிடம் அந்த எண் இருக்காது. அவர்கள் டி.பி.எஸ்.ஸைத் தொலைபேசியில் கேட்பதே வழி.

காரணம் ஒன்றுக்கு மேல் இருக்கலாம். குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்ட வழக்கில் இரண்டு தடங்கள் தனித்தனியாக ஓடும். ஒன்று கிரிமினல் வழக்கு. மற்றொன்று ஏ.எல்.ஆர். எனப்படும் நிர்வாக சஸ்பென்ஷன். முதல் முறை சோதனையில் தேறாவிட்டால் 90 நாள், சோதனைக்கே மறுத்தால் 180 நாள். 21 வயதுக்குக் கீழே என்றால் மூச்சில் மது இருப்பது தெரிந்தாலே போதும், முதல் முறைக்கு 60 நாள். அதிகாரி லைசென்ஸை வாங்கிக்கொண்டு ஒரு நோட்டீஸ் கொடுப்பார். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் விசாரணை கேட்க வேண்டும். கேட்டால் தீர்ப்பு வரும்வரை சஸ்பென்ஷன் தொடங்காது. கேட்காவிட்டால் 40ஆம் நாளில் தானாகத் தொடங்கும். பரீட்சை நேரத்தில் கண்ணில் படாமல் கழிந்துவிடுவது இந்த 15 நாள்தான்.

மதுவுக்குச் சம்பந்தமில்லாத சஸ்பென்ஷனும் உண்டு. 12 மாதத்தில் நான்கு அல்லது 24 மாதத்தில் ஏழு போக்குவரத்துக் குற்றங்களில் தண்டனை பெற்றவர், தெருவில் ரேஸ் விட்டவர், இன்ஷூரன்ஸ் இல்லாமல் இரண்டு முறை சிக்கியவர், விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பைக் கட்டாதவர் எல்லாம் இதில் வருவார்கள். ஓட்டுநர் ரெஸ்பான்சிபிலிட்டி சர்சார்ஜ் என்ற கூடுதல் கட்டணத்தைப் பற்றிப் பழைய பதிவுகளில் படித்திருப்பீர்கள். அது 2019 செப்டம்பர் 1 அன்றே ஒழிக்கப்பட்டது, அதைத் தேடி அலைய வேண்டாம்.

எந்தப் பாலிசி: இங்கே நின்று நிதானியுங்கள்

கார் உங்கள் பெயரில் இருந்தால் சாதாரண ஓனர் பாலிசியோடு எஸ்.ஆர்.22. கார் இல்லை, எப்போதாவது பிறர் காரை வாங்கி ஓட்டுவீர்கள் என்றால் நான்-ஓனர் பாலிசி. இது விலை குறைவு. ஆனால் மாணவர்கள் அதிகம் ஏமாறுவதும் இதில்தான்.

நான்-ஓனர் பாலிசி நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் காருக்குப் பொருந்தாது. ஒரே அப்பார்ட்மென்டில் நான்கு பேர், ஒரே ஒரு பழைய கொரோலா, டைட்டில் (உரிமைப் பத்திரம்) ஒருவர் பெயரில், சாவி சமையலறை மேடையில். இது உங்களுக்குத் தினமும் கிடைக்கும் கார். அதை ஓட்டி இடித்துவிட்டு நான்-ஓனர் பாலிசியில் க்ளெய்ம் போட்டால், "வழக்கமான பயன்பாட்டுக்குக் கிடைக்கும் வாகனம்" என்ற விலக்கைக் காட்டிக் கம்பெனி கைகழுவிவிடும். டி.பி.எஸ். பார்வையில் எஸ்.ஆர்.22 ஒழுங்காக இருக்கும். விபத்து நடந்த அன்று மட்டும் இன்ஷூரன்ஸ் இருக்காது. அப்படிப் பகிரும் காராக இருந்தால் டைட்டில் வைத்திருப்பவரின் பாலிசியில் உங்கள் பெயரை ஓட்டுநராகச் சேர்ப்பதே சரி. சேர்த்தால் அவர் பிரீமியம் ஏறும். ஏற்றத்தை யார் கட்டுவது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

மறுபக்கமும் பாருங்கள். நீங்கள் ஓனர் பாலிசி எடுக்கும்போது, வீட்டில் ஓட்டும் வயதில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். ரூம்மேட்டுகளை மறைத்தால் நாளைக்கு அதுவே க்ளெய்மை மறுக்கக் காரணமாகும். ஒருவரை "எக்ஸ்க்ளூடட்", அதாவது பாலிசியிலிருந்து விலக்கப்பட்டவர், என்று எழுதிக் கொடுத்தால் பிரீமியம் குறையும். ஆனால் அவர் அந்தக் காரைத் தொட்டு விபத்தானால் பாலிசி ஒரு டாலர்கூடத் தராது. எழுதிக் கொடுத்துவிட்டு "ஏர்போர்ட் வரைக்கும்தானே" என்று சாவியைக் கொடுக்காதீர்கள்.

பெற்றோர் டெக்சாஸிலேயே இருந்து, பிள்ளை அவர்கள் பாலிசியில் இருந்தால் கணக்கு வேறு. பிள்ளையின் எஸ்.ஆர்.22ஐ அந்தப் பாலிசியிலேயே போட்டால் வீட்டின் எல்லாக் கார்களுக்கும் விலை ஏறலாம், புதுப்பிக்கும்போது கம்பெனி மொத்தப் பாலிசியையும் விட்டுவிடவும் கூடும். இரண்டு விலையும் வாங்கிப் பாருங்கள்: ஒன்று சேர்த்து, மற்றொன்று பிள்ளையின் காரை அவர் பெயருக்கே டைட்டில் மாற்றித் தனிப் பாலிசியாக. தனியாகப் பிரித்தால் பிள்ளையை வீட்டுப் பாலிசியிலிருந்து எழுத்தில் விலக்கச் சொல்வார்கள். அப்புறம் விடுமுறைக்கு வந்தாலும் அப்பாவின் காரை எடுக்கக் கூடாது. நல்ல மதிப்பெண்ணுக்கான தள்ளுபடி பொதுவாக பி சராசரி அல்லது 3.0 ஜி.பி.ஏ.வுக்குக் கிடைக்கும். சஸ்பென்ஷனுக்குப் பிறகு அதைத் தொடர்வார்களா என்பதைக் கம்பெனியிடமே கேளுங்கள்.

கார் கடனில் இருந்தால் கடன் கொடுத்தவர் கொலிஷனும் (மோதலில் உங்கள் காருக்கு வரும் சேதம்) காம்ப்ரிஹென்சிவும் (திருட்டு, ஆலங்கட்டி போன்ற மற்ற சேதம்) கட்டாயம் கேட்பார். முழுவிலை கொடுத்து வாங்கிய பழைய காருக்கு லயபிலிட்டி மட்டும் போதும். பி.ஐ.பி. எனப்படும் காயச் செலவுப் பாதுகாப்பை, குறைந்தது 2,500 டாலருக்கு, டெக்சாஸில் கம்பெனி கொடுத்தே ஆக வேண்டும். வேண்டாம் என்றால் நீங்கள்தான் எழுத்தில் மறுக்க வேண்டும். ஏஜென்ட் நீட்டும் தாள்களில் அந்த மறுப்பும் கலந்திருக்கும், பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

விலை விசாரிக்க மாநில இன்ஷூரன்ஸ் துறை நடத்தும் ஹெல்ப்இன்ஷூர் தளம் ஒரு நல்ல தொடக்கம். குறைந்தது நான்கைந்து இடத்தில் கேளுங்கள். சஸ்பென்ஷனையும் எஸ்.ஆர்.22 தேவை என்பதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். மறைத்து வாங்கிய விலை ரெக்கார்டைப் பார்த்ததும் மாறிவிடும். யாருமே எடுக்க மறுத்தால் டெய்பா என்ற டெக்சாஸ் ஆட்டோமொபைல் இன்ஷூரன்ஸ் ப்ளான் அசோசியேஷன் இருக்கிறது. கடந்த 60 நாளில் இரண்டு கம்பெனியாவது மறுத்திருந்தால் அதன் வழியாக ஒரு கம்பெனியை உங்களுக்கு ஒதுக்குவார்கள். குறைந்தபட்சப் பாதுகாப்புதான், விலையும் மலிவில்லை. ஆனால் கதவு மூடவில்லை.

கோர்ட்டும் டி.பி.எஸ்.ஸும்

பாலிசி கையில் வந்ததும், கம்பெனி அனுப்பிய எஸ்.ஆர்.22இன் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு,

1. டி.பி.எஸ்.ஸிடம் டைப் ஏ.ஆர். என்ற சான்றளித்த ஓட்டுநர் ரெக்கார்டை வாங்குங்கள். கட்டணம் 20 டாலர். பெரும்பாலான கோர்ட்டுகள் பெட்டிஷனோடு இதைக் கேட்கும்.

2. நீங்கள் குடியிருக்கும் கவுன்டியிலோ, குற்றம் நடந்த கவுன்டியிலோ, ஜஸ்டிஸ், கவுன்டி அல்லது டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டில் பெட்டிஷன் போடுங்கள். கட்டணம் கோர்ட்டுக்குக் கோர்ட் மாறும்.

3. தேவைக்கு ஆதாரம் சேருங்கள்: வகுப்பு அட்டவணை, பல்கலைக்கழகத்தின் சேர்க்கைச் சான்று, வளாக வேலை இருந்தால் மேலாளரின் கடிதம், வீட்டு முகவரி. வேலை, படிப்பு, அத்தியாவசிய வீட்டு வேலை மூன்றும் ஏற்கப்படும். மளிகையும் மருந்துக்கடையும் வீட்டு வேலையில் அடக்கம், அவற்றையும் எழுதுங்கள்.

4. ஆணையில் எந்த நாள், எந்த மணி, எந்தக் காரணம், எந்தப் பகுதி அல்லது வழி என்று இருக்கும். சட்டப்படி 24 மணி நேரத்தில் 4 மணி நேரம். தேவையை நிரூபித்தால் அதிகபட்சம் 12 மணி நேரம் வரை நீதிபதி கொடுக்கலாம்.

5. சான்றளித்த பெட்டிஷன், ஆணை நகல்கள், எஸ்.ஆர்.22, ஆக்குபேஷனல் லைசென்ஸுக்கு வருடத்துக்கு 10 டாலர், பாக்கி ரீஇன்ஸ்டேட்மென்ட் (லைசென்ஸை மீண்டும் செல்லுபடியாக்கும்) கட்டணம் எல்லாவற்றையும் டி.பி.எஸ்.ஸுக்கு அனுப்புங்கள். ஏ.எல்.ஆர். என்றால் அந்தக் கட்டணம் 125 டாலர், மற்றவற்றுக்குப் பொதுவாக 100. காரணம் இரண்டு இருந்தால் கட்டணமும் இரண்டு.

ஆணை அமலாகும் நாளிலிருந்து 45 நாள் வரை அதன் நகலையே லைசென்ஸாக வைத்து ஓட்டலாம். ஆணை வந்த அன்றே டி.பி.எஸ்.ஸுக்கு அனுப்பிவிடுங்கள். ஒரு தாள் குறைந்தாலும் கடிதம் போய்த் திரும்புவதற்குள் 45 நாள் ஓடிவிடும். முந்தைய ஐந்து ஆண்டுக்குள் ஏற்கெனவே ஏ.எல்.ஆர். சஸ்பென்ஷன் இருந்தால் 90 நாள் காத்திருப்பு உண்டு. முன்பே குடிபோதைத் தண்டனையால் சஸ்பெண்ட் ஆனவருக்கு அது இன்னும் நீளும். உடல், மனநலக் காரணத்தால் ரத்தான லைசென்ஸுக்கு இந்த வழி கிடையாது. வணிக வாகனமும் ஓட்ட முடியாது.

நான்காவது படியில் மாணவருக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. ஃபால் செமஸ்டர் அட்டவணையைக் காட்டி, செவ்வாய் வியாழன் காலை 8 முதல் 12 என்று ஆணை வாங்குவார்கள். ஜனவரியில் ஸ்பிரிங் தொடங்கும்போது லேப் மாலை 6 மணிக்குப் போய்விடும். ஆணைக்கு வெளியே ஓட்டினால் அது க்ளாஸ் பி குற்றம்: 180 நாள் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம், ஆக்குபேஷனல் லைசென்ஸும் ரத்து. அதனால் பெட்டிஷனிலேயே அடுத்த செமஸ்டர், நூலகம், லேப், பரீட்சை வாரம் எல்லாவற்றையும் காட்டி அகலமான நேரம் கேளுங்கள். அட்டவணை மாறினால் ஓட்டத் தொடங்குவதற்கு முன் கோர்ட்டில் திருத்த ஆணை வாங்குங்கள்.

மூச்சில் மது இருந்தால் காரை ஸ்டார்ட் ஆக விடாத இன்டர்லாக் மூச்சுக்கருவியைக் காரில் பொருத்த ஒப்புக்கொண்டால் நேரக் கட்டுப்பாடு இல்லாமல் ஆணை கிடைக்க வழியுண்டு. இரவில் லேப் இருப்பவருக்கு அது மேல். ஆனால் பிறகு கருவி இல்லாத எந்தக் காரையும் ஓட்ட முடியாது, நண்பன் கார் உட்பட. கார் இல்லாமல் நான்-ஓனர் பாலிசி வைத்திருப்பவர் இதற்கு ஒப்புக்கொள்வதற்கு முன் எந்தக் காரில் கருவியைப் பொருத்துவது, அந்தக் காருக்கு எந்தப் பாலிசி என்று யோசிக்க வேண்டும்.

ஓட்டும்போதெல்லாம் ஆணையின் சான்றளித்த நகல் காரில் இருக்க வேண்டும். போலீஸ் கேட்டால் காட்டியாக வேண்டும். பல நீதிபதிகள் பயணக் குறிப்பேடும் எழுதச் சொல்வார்கள். கிளம்பும் முன் தேதி, நேரம், எங்கே என்று எழுதுங்கள். ஞாயிறு இரவு உட்கார்ந்து ஒரே பேனாவில் ஒரு வாரத்தை எழுதியது பார்த்தாலே தெரியும்.

இரண்டு வருடம் ஒரு நாள்கூட விடாமல்

எஸ்.ஆர்.22 பொதுவாகத் தண்டனை அல்லது தீர்ப்புத் தேதியிலிருந்து இரண்டு வருடம் இருக்க வேண்டும். நீங்கள் பாலிசி எடுத்த தேதியிலிருந்து இல்லை. இந்த இரண்டு வருடத்துக்குள் மாணவர் வாழ்க்கையில் பாலிசி அறுபட எத்தனை இடங்கள் இருக்கின்றன என்று பாருங்கள்.

மே மாதம் ஊருக்குப் போகும்போது, "மூன்று மாதம் கார் சும்மாதானே நிற்கப்போகிறது" என்று பாலிசியை நிறுத்துவது முதலிடம். சென்னையில் இறங்குவதற்குள் எஸ்.ஆர்.26 ஆஸ்டினில் உள்ள டி.பி.எஸ்.ஸுக்குப் போயிருக்கும். பணம் மிச்சம் பிடிக்க வேண்டுமானால் கொலிஷனைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள், லயபிலிட்டியையும் எஸ்.ஆர்.22ஐயும் தொடாதீர்கள். காரை விற்றுவிட்டுப் போகிறீர்கள் என்றால், விற்பதற்கு முன்பே நான்-ஓனர் பாலிசியில் புது எஸ்.ஆர்.22 பதிவாகட்டும்.

அடுத்தது பணம். இந்த வகைப் பாலிசிகளில் பல ஒரு மாதப் பாலிசியாகவே வரும். மாதா மாதம் புதுப்பித்தால்தான் உயிர். வங்கி கார்டு மாறியது, கணக்கில் 12 டாலர் குறைந்தது, மின்னஞ்சல் பழைய முகவரிக்குப் போனது, இப்படி ஒன்று போதும். முடிந்தால் ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டிவிடுங்கள். வளைகுடாவிலோ இந்தியாவிலோ இருக்கும் பெற்றோர் பணம் அனுப்புகிறார்கள் என்றால் இதைச் சொல்லியே கேளுங்கள், மொத்தமாகக் கட்டுவது விலையும் குறைவு.

கம்பெனி மாறும்போது புதிய எஸ்.ஆர்.22 டி.பி.எஸ்.ஸில் ஏறியதை எலிஜிபிலிட்டி பக்கத்தில் உறுதி செய்த பிறகே பழையதை நிறுத்துங்கள். சில நாள் இரட்டைப் பிரீமியம் போனால் போகட்டும்.

படிப்பு முடிந்து ஓ.பி.டி.யில் (மாணவர் விசாவிலேயே கிடைக்கும் வேலை அனுமதி) வேறு மாநிலம் போனாலும் டெக்சாஸ் கடன் தீராது. புதிய மாநிலத்தில் டெக்சாஸுக்கு எஸ்.ஆர்.22 அனுப்பக்கூடிய கம்பெனியைத் தேட வேண்டும். ஃப்ளோரிடாவும் வர்ஜீனியாவும் குடிபோதை வழக்குகளுக்கு எஃப்.ஆர்.44 என்ற வேறு படிவம் வைத்திருக்கின்றன. ஏஜென்ட் அதை எடுத்து நீட்டினால், கேட்பது டெக்சாஸ் எஸ்.ஆர்.22 என்று திருத்துங்கள்.

இடையில் பாலிசி அறுந்தது தெரியாமல் ஓட்டிப் பிடிபட்டால் இரண்டு வழக்கு சேரும். இன்ஷூரன்ஸ் இல்லாததற்கு முதல் முறை 175 முதல் 350 டாலர் அபராதம். லைசென்ஸ் செல்லாமல் ஓட்டியது சாதாரணமாக க்ளாஸ் சி, அதாவது அபராதம் மட்டுமே உள்ள குற்றம். அதே நேரத்தில் இன்ஷூரன்ஸும் இல்லையென்றால் க்ளாஸ் பி ஆகலாம். போலீஸ்காரர் உங்கள் கார்டை நம்ப வேண்டியதில்லை, டெக்சாஸ்ஷூர் என்ற தரவுத்தளத்தில் அவர் காரிலிருந்தே பார்த்துவிடுவார்.

எஃப்-1 விசாவில் இருப்பவர்களுக்கு

குடிபோதையில் ஓட்டியதாகக் கைதானாலே, தண்டனை வராவிட்டாலும், அமெரிக்க வெளியுறவுத் துறை விசா முத்திரையை ரத்து செய்யலாம். அமெரிக்காவுக்குள் இருக்கும்வரை, பல்கலைக்கழகம் தரும் ஐ-20 சான்றின்படியான மாணவர் நிலையை அந்த ரத்து மட்டும் முடித்துவிடாது. ஆனால் வெளியே போனால் திரும்ப வரப் புது விசா வேண்டும். தூதரகம் மருத்துவப் பரிசோதனைக்கும் அனுப்பக்கூடும். அதனால் டிக்கெட் போடுவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள். கிரிமினல் வழக்கில் எதையாவது ஒப்புக்கொள்வதற்கு முன்னும் அவரைக் கேட்பது அவசியம். கிரிமினல் வழக்கறிஞருக்குச் சிறியதாகத் தெரியும் தீர்வு விசாவுக்குப் பெரியதாக இருக்கலாம்.

உணவு டெலிவரி செய்து பிரீமியம் கட்டலாம் என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள். சாதாரணப் பாலிசிகள் பெரும்பாலும் டெலிவரியை விலக்கும், எஃப்-1க்கு அது அனுமதியில்லாத வேலையும்கூட.

முடியும் நேரம்

சஸ்பென்ஷன் முடிந்ததும் ஆக்குபேஷனல் லைசென்ஸ் தானாகச் சாதாரண லைசென்ஸாக மாறிவிடாது. பாக்கிக் கட்டணம் கட்டி, எலிஜிபிலிட்டி பக்கத்தில் "எலிஜிபிள்" என்று வந்த பிறகே மாற்று லைசென்ஸ் கேளுங்கள். எஸ்.ஆர்.22 அதற்குப் பிறகும் தொடரலாம், இரண்டு கெடுவும் ஒன்றல்ல. இரண்டு வருடம் முடியும் தேதியை டி.பி.எஸ்.ஸிடம் உறுதி செய்து, அது கடந்த மறுநாள் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லி எஸ்.ஆர்.22ஐ மட்டும் நீக்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கம்பெனி அதைப் பாட்டுக்கு வைத்துக்கொண்டிருக்கும். அந்த வாரமே நான்கைந்து கம்பெனிகளில் மறுபடி விலை கேளுங்கள். முன்பு உங்களை எடுக்க மறுத்தவையும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும்.